டிரைவர் ஏழு முறை காலமான விவரம்

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மழைக்கு நடுவில்.

பேரன்புக்கும் பெருமரியாதைக்கும், புதன்கிழமை முதல் பெரும் பயத்துக்கும் உரிய நெடுஞ்செழியன் மாமா அவர்களுக்கு, தங்கள் மருமகன் வல்லரசு விழுந்து கும்பிட்டு, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து எழுதுவது. இங்கே நான், கலைப்பிரியா அக்கா, அம்மா, அப்பா நால்வரும் சுகம். அங்கே தாங்களும் கிருஷ்ணவேணி அத்தையும் தங்கள் பஸ்ஸின் ஆறு சக்கரங்களும் சுகமாக உருண்டுகொண்டிருப்பீர்கள் என நம்புகிறேன்.

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டு டிரைவர் சென்ற செவ்வாய்க்கிழமை மாலை 5.42 மணியளவில் பிரவுசரின் மடியில் காலமானார். 5.43-க்கு உயிர்த்தெழுந்தார். 5.47-க்கு மீண்டும் காலமானார். அதன் பிறகு எழுவதும் விழுவதுமாக வியாழக்கிழமைக்குள் மொத்தம் ஏழு முறை இயற்கை எய்தினார். ஒரு தடவையாவது மாலை வாங்கி வர அவகாசம் கொடுத்தாரா என்றால் இல்லை.

அந்த டிரைவர் தாங்கள் அல்ல. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று அம்மா பின்னாலிருந்து சொல்கிறாள். புதன்கிழமையும் இதைத்தான் சொன்னாள். என்ன செய்வது, என் கை வாயைவிட வேகம். தாங்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டபடியால் வாட்ஸப்பில் ஒற்றை டிக்கோடு என் மன்னிப்பெல்லாம் நிற்கிறது. ஆகவே நம் முன்னோர் வழியில் பேனா பிடித்து, தங்கள் கண்டக்டர் கையிலேயே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு டிக்கெட் கொடுத்துத்தான் பழக்கம், கடிதம் கொடுத்துப் பழக்கமில்லை. கிழித்துப் பாதியைக் கொடுத்தால் மீதியைக் கேட்டு வாங்கவும்.

விஷயம் இதுதான் மாமா. கம்ப்யூட்டருக்குள் படம் காட்டுவதற்கென்றே கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கார்டை ஓட்டுவதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. அதன் பெயரும் டிரைவர். அவருக்கும் தங்களுக்கும் உள்ள வித்தியாசம் சிறியதுதான். தாங்கள் ஸ்டாப்பிங்கில் ஆளை இறக்குவீர்கள், அவரை நாம் நெட்டிலிருந்து இறக்க வேண்டும். தாங்கள் லைசென்ஸ் வாங்க எட்டுப் போட்டுக் காட்டினீர்கள், அவருடைய லைசென்ஸை யாரும் படிக்காமலே ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று தட்டிவிடுவோம். தாங்கள் விழுந்தால் ஊரே கூடும், அவர் விழுந்தால் திரை கறுத்து, ‘டிரைவர் இயங்கவில்லை, மீண்டுவிட்டார்’ என்று ஓரத்தில் ஒரு சின்ன அறிவிப்பு வரும், அவ்வளவுதான்.

இந்த டிரைவர் எந்த நாளில் வேண்டுமானாலும் செத்திருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அக்காவுக்கு இன்டர்வியூ. புதுச்சேரியில் ஒரு கம்பெனி, வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர் கோளாறுகளைத் தீர்த்துவைக்கிற வேலை. படிப்பு முடிந்து ஒன்றரை வருடத்தில் அக்காவை ‘வா, பேசிப் பார்ப்போம்’ என்று கூப்பிட்ட முதல் கம்பெனி அதுதான். வீடியோவில் பேச வேண்டும், நடுவில் ஒரு டைப்பிங் தேர்வு, போனில் முடியாது, கம்ப்யூட்டரில்தான், அதுவும் இன்ன பிரவுசரில்தான் என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வீட்டில் இருப்பதோ விழுப்புரத்திலிருந்து தாங்கள் தங்கள் சீட்டுக்குப் பின்னால் கயிறு கட்டிக் கொண்டுவந்து இறக்கிய அந்த ஒரே கம்ப்யூட்டர். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் இப்போது சிக்கன் பகோடா போடுகிறார்கள். ஆக, இது ஓடினால் அக்கா வேலைக்குப் போவாள். ஓடாவிட்டால் அப்பா மறுபடியும் ஒலக்கூர் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போன் பண்ணுவார்.

செவ்வாய் சாயங்காலம் ஒத்திகை பார்க்கலாம் என்று அக்கா பிரவுசரைத் திறந்தாள். எட்டு நிமிடம் ஒழுங்காக ஓடியது. திரை ஒரு தடவை சிமிட்டியது, கறுத்தது, திரும்பி வந்தது. மறுபடி திறந்தாள், நாலு நிமிடம். அதற்கடுத்து இரண்டு நிமிடம். மற்றதெல்லாம் நன்றாக இருந்தது மாமா, படம் ஓடியது, பாட்டு ஓடியது, நான் ஆடுகிற கேம்கூட ஓடியது. பிரவுசரைத் திறந்தால் மட்டும் ஆள் காலி. அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா வந்து மானிட்டரின் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

“லோ வோல்டேஜுடா இது. நம்ம மோட்டாரும் இப்பிடித்தான் சாயங்காலம் ஆனா பேஜாரு பண்ணும். ஸ்டெபிலைசர் எடுத்தாரட்டுமா?”

“அப்பா, அது கெணத்து மோட்டாருக்குப் போடுறது. இதுல மாட்டுனா கம்ப்யூட்டர்லேர்ந்து தண்ணி வரும்.”

“வந்தா நல்லதுதானடா, வயலுக்குப் பாய்ச்சிக்கலாம்” என்றார். இந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

அப்போதுதான் நான் களத்தில் இறங்கினேன். காலாண்டு விடுமுறை, வேறு வேலையும் இல்லை. புதன்கிழமை விடிந்ததும் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பார்த்தால் மல்லாட்டை! அப்பா மூட்டைகளைக் கம்ப்யூட்டர் மேசைக்குப் பக்கத்தில்தான் அடுக்குகிறார் என்பது தங்களுக்குத் தெரியும். தோலும் தூசியும் விசிறிக்குள் அப்பிக்கொண்டு, நடுவில் முழுசாக ஒரு வேர்க்கடலைப் பருப்பு வேறு. சைக்கிள் பம்பால் அடித்தேன், அறையெல்லாம் செம்மண் மேகம். அக்காவின் சான்றிதழ்களின் மேல் படிந்தது, அம்மா புளிக்கவைத்திருந்த கேப்பைக் கூழின் மேல் படிந்தது. கார்டின் செருகுகிற முனையை அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். திறந்தோம். ஒரு நிமிடம். காலமானார். நான் அப்பாவைப் பார்த்து, “மல்லாட்ட தூசி உள்ள பூந்து கார்டு வீணாப் போயிருக்கும்ப்பா” என்றேன். அவர் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த இடத்தில்தான் நான் நம் குடும்பக் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டேன். என்ன எழுதினேன் என்று தாங்கள் மறந்திருக்க வாய்ப்பில்லை, இருந்தாலும் பதிவுக்காக: “டிரைவர் போயிட்டாரு. நாலு தடவ எழுப்பிப் பாத்தோம், எழுந்துக்கல. கலை அக்கா அழுதுகினே இருக்குது.” டிரைவருக்கு ‘ஆர்’ விகுதி போட்டது சும்மா ஒரு அழகுக்குத்தான் மாமா. நம் குழுவில் பதினெட்டு பேர் இருந்தும் அவர்களுக்குத் தெரிந்த டிரைவர் ஒரே ஒருவர்தான் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. தாங்கள் அந்நேரம் விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் வண்டியை ஓட்டிக்கொண்டு, விதிப்படி போனைப் பைக்குள் வைத்திருந்தீர்கள். நல்ல டிரைவரின் அந்த நல்ல பழக்கம்தான் வினையாயிற்று. அத்தை கூப்பிட, தாங்கள் எடுக்காமல் இருக்க, அத்தை ஓமந்தூருக்குக் கூப்பிட, அஞ்சம்மாள் பெரியம்மா கட்டியிருந்த புடவையோடு ஷேர் ஆட்டோ ஏறி, பஸ் எங்கே விழுந்திருந்தாலும் செய்தி முதலில் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வரும் என்று கணக்குப் போட்டுத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கே போய்ச் சேரவும், தாங்கள் நேரம் தவறாமல் 9.40-க்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தவும் சரியாக இருந்தது.

பெரியம்மா படியேறி வந்து தங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதபோது தாங்கள் கேட்டதை நான் இந்தக் காதால் கேட்டேன். இன்னொரு காது அம்மா கையில் இருந்தது.

“அக்கா, இன்னா ஆச்சு? யாரு போயிட்டாங்க?”

“நீதான்டா போயிட்ட!”

“நானா? நான் இப்பதான வந்தேன்!”

முன் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தர் எழுந்து நின்று, “டிரைவரு செத்துட்டாரா? அப்ப விழுப்புரத்துலேர்ந்து இம்மாந்தூரம் வண்டிய யாரு ஓட்டியாந்தது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “அழுவுறவங்க எல்லாம் ஜல்தி எறங்கி அழுவுங்க, பின்னால வண்டி நிக்குது” என்றார். தாங்கள் என்னைப் பார்த்தீர்கள். பையிலிருந்து போனை எடுத்து இரண்டு தடவை தட்டினீர்கள். அந்த இரண்டு தட்டலில் நான் பிளாக் ஆனேன் என்பது வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. கன்னத்தில் தட்டாமல் போனில் தட்டிய தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.

அன்று மத்தியானம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடை செல்வகுமார் அண்ணனிடம் போனேன். அவர் திறக்கவே இல்லை. பெட்டியின் மேல் காதை வைத்து, பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி இரண்டு தட்டு தட்டினார்.

“கார்டு காலி தம்பி. புதுசு மெட்ராஸ்லேர்ந்து வரணும். திங்கக்கெழம ஆவும்.”

“வெள்ளிக்கெழம இன்டர்வியூ அண்ணே.”

“அப்ப இன்டர்வியூவ திங்கக்கெழமைக்கு மாத்திக்கச் சொல்லு.”

திரும்பி வந்து சொன்னேன். இந்தத் தடவை அக்கா அழவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கம்பெனியின் கடிதத்தை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். அம்மா என்னைப் பார்த்து, “பேருதான் வல்லரசு. பெத்ததுக்கு ஒரு சில்லரசாவது உருப்படியா இருக்குதா?” என்றாள். அம்மா சிலேடை சொன்னால் வீட்டில் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

அதன் பிறகு நான் செய்தது சாதாரணப் போராட்டம் இல்லை மாமா. பழைய டிரைவரைப் பணிநீக்கம் செய்தேன், புது டிரைவரை நியமித்தேன். அவர் பணியேற்ற அரை நிமிடத்தில் பலி. புதிது ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ரிவர்ஸ் கியர் போட்டு, மூன்று வருடத்துக்கு முந்தைய டிரைவரை ஓய்விலிருந்து கூட்டி வந்தேன். அவரும் கால் நிமிடத்தில் ஓய்வுக்குத் திரும்பிவிட்டார். பிரவுசரையே தூக்கி எறிந்துவிட்டு மறுபடி போட்டேன். பழைய விவரங்களையும் அழிக்கட்டுமா என்று கேட்டது. அக்காவின் பாஸ்வேர்டெல்லாம் போய்விடுமே என்று வேண்டாம் என்றேன். வேறு பிரவுசரில் போனால் அது நன்றாகவே ஓடியது, ஆனால் கம்பெனிப் பக்கம் ‘இந்த பிரவுசரில் எங்கள் தேர்வு நடக்காது’ என்று கதவைச் சாத்தியது.

வியாழக்கிழமை மாலை, எல்லோரும் கைவிட்ட நிலையில், நான் கண்டுபிடித்தேன். பிரவுசருக்குள் ‘ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதாவது பிரவுசர் தன் வேலையைத் தானே பார்க்காமல், படம் வரைகிற பாரத்தையெல்லாம் கிராபிக்ஸ் கார்டின் தலையில் ஏற்றி, ஆக்சிலேட்டரை மிதி என்று டிரைவரை விரட்டுகிறது. மேட்டில் ஓவர் லோடோடு ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி என்ன ஆகும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழாவது முறை செத்துப் பிழைத்த இடைவெளியில் புகுந்து, அந்தப் பொத்தானை அணைத்தேன். பிரவுசரை மூடித் திறந்தேன். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். டிரைவர் சிமிட்டக்கூட இல்லை! செல்வகுமார் அண்ணன் காது வைத்துக் கேட்டும் தெரியாததை, பன்னிரண்டாம் வகுப்புகூடப் போகாத தங்கள் மருமகன் ஒரு விரலால் தீர்த்தான். அம்மா அன்று எனக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை இன்டர்வியூ நாற்பது நிமிடம் நடந்தது. ஒரு தடவைகூடத் திரை கறுக்கவில்லை. நேற்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது மாமா. அக்காவுக்கு வேலை! அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். அப்பா அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒலக்கூருக்குப் போன் பண்ணி, “பொண்ணு வேலைக்குப் போவுதுங்க, இப்ப தோதுப்படாதுங்க” என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது தனியாகச் சிரித்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

ஆகையால் நடந்ததையெல்லாம் மன்னித்து, இந்த வெற்றிக்குக் காரணமான என்னைத் தாங்கள் பாராட்டாவிட்டாலும், அன்பிளாக்காவது செய்யுமாறு வேண்டிக்கொள்கிறேன். அத்தைக்கு என் அன்பு. அவர் புதன்கிழமை அழுத கண்ணீருக்கு நான் என்றும் கடன்பட்டவன். தாங்கள் போகிற சாலையெல்லாம் பள்ளமில்லாமலும், வருகிற சிக்னலெல்லாம் பச்சையாகவும், ஏறுகிற ஆளெல்லாம் சரியான சில்லறையோடும் அமைய அந்த மயிலம் முருகனை வேண்டி நிற்கும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
பா. வல்லரசு.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். முழுசையும் படித்தாள், பஸ் ஸ்டாண்ட் இடத்தில் சிரித்தாள், வெற்றி இடத்தில் நிறுத்தினாள். “மீதிய நீயே எழுதுறியா, நான் எழுதட்டா?” என்று கேட்டாள். ஆகவே நானே எழுதுகிறேன்.

நான் பொத்தானை அணைத்த பிறகு டிரைவர் சாகவில்லை என்பது உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அக்கா கேமராவைப் போட்டுப் பார்த்தபோது, அவள் முகம் ஆல்பத்தில் ஒட்டிய போட்டோ மாதிரி நின்றது. ‘வணக்கம்’ என்று சொன்னால் ‘வ’ மட்டும் போய், மீதி ஒரு நிமிடம் கழித்துப் போனது. கார்டின் தலையிலிருந்த பாரம் இறங்கவில்லை, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் தலைக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். நான் மறுபடி சைக்கிள் பம்பை எடுத்தேன். அக்கா, “டேய், கொஞ்ச நேரம் எதையும் தொடாம உக்காரு” என்றாள். பிரவுசருக்குள் எது எது கம்ப்யூட்டரின் சக்தியை எவ்வளவு தின்கிறது என்று காட்டுகிற பட்டியல் ஒன்று இருக்கிறது. மூன்று நாளில் எனக்கு அதைத் திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை. அவள் திறந்தாள். முதல் வரியில், மற்ற எல்லாவற்றையும்விட ஆயிரம் மடங்கு தின்றுகொண்டு, ஒரு பெயர் இருந்தது: ‘பல்லி 1.0. ஆக்கம்: வல்லரசு.’

அது போன ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பயமுறுத்த நான் எழுதி அவள் பிரவுசரில் ஒட்டவைத்த சின்ன நிரல் மாமா. முதல் தடவை பிரவுசரைத் திறந்தால் திரையில் இரண்டு பல்லி ஓடும், அடுத்த தடவை நாலு, அதற்கடுத்து எட்டு, இப்படித் திறக்கத் திறக்க இரண்டு மடங்கு. ஒவ்வொன்றுக்கும் வால் தனியாக ஆடும், நிழல் தனியாக விழும். நான்காவது தடவை அக்கா அலறுவாள் என்று கதவோரம் காத்திருந்தேன். அலறவில்லை. ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டதில் பல்லிகளைப் படத்துக்கு முன்னால் விடுவதற்குப் பதில் பின்னால் விட்டிருக்கிறேன். யார் கண்ணுக்கும் தெரியாமல் அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. நிரல் வேலை செய்யவில்லை என்று நினைத்து நானும் மறந்தே போனேன். கோளாறைக் கண்டுபிடிக்க நான் பிரவுசரைத் திறந்த ஒவ்வொரு தடவையும் அவற்றை இரட்டித்துக்கொண்டே வந்திருக்கிறேன். எட்டு நிமிடம் நாலாகி, நாலு இரண்டாகி, பாதி பாதியாகக் குறைந்ததைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. கணக்கில் நூற்றுக்கு எண்பத்தொன்பது வாங்கியவன். வெள்ளிக்கிழமை காலை திரைக்குப் பின்னால் இருந்தவை ஐந்து லட்சத்து இருபத்துநாலாயிரத்து இருநூற்று எண்பத்தெட்டு பல்லிகள்.

அக்கா ஒரே தட்டில் அதை நீக்கினாள். நான் அணைத்த பொத்தானை மறுபடி போட்டாள். திரை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. மணி 10.48. என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். “நிழல்லாம் நல்லாத்தான்டா போட்டுருக்க” என்றாள். அதற்கு இரண்டு அறை விட்டிருக்கலாம்.

இன்டர்வியூவில், சமீபத்தில் நீங்களே தீர்த்த ஒரு கோளாறைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இதைத்தான் சொல்லியிருக்கிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். “அந்த நிரலை எழுதினது யாருங்க?” என்றார்கள். “கத்துக்கிட்டு இருக்கிற ஒரு பையங்க” என்றாள். என் பேரைச் சொல்லவில்லை. வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வேலை அவளுக்கு என்னால் கிடைக்கவில்லை மாமா. என்னையும் மீறிக் கிடைத்தது.

இதில் ஒன்று மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. மல்லாட்டைத் தூசியால்தான் மகளின் வேலை போகப் பார்த்தது என்று அப்பா இன்னமும் நம்புகிறார். காலையிலிருந்து பதினாலு மூட்டையையும் ஒற்றை ஆளாகச் சுமந்து தோட்டத்துப் பக்கம் வெளியே கொண்டுபோய் அடுக்கிவிட்டார். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, தார்ப்பாய் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் ஒரு முனையைப் பிடிக்கப் போகிறேன். அவருடைய இரண்டு கையும் கயிற்று முடிச்சில் மாட்டியிருக்கிற நேரம் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டு, மூட்டைகளை நானே திரும்ப உள்ளே தூக்கி வைப்பதாக இருக்கிறேன்.